பன்னிரண்டாம் கேள்வி

மலைப்பாதையில் மூன்று ஒலிபெருக்கிகள்.
இரண்டு சபைகளுடையவை, ஒன்று கோழி விற்பவனுடையது.
மூன்றையும் தாண்டினால் சாந்தோஸ் பெலிகோவின் வீடு.
அரசு கொடுத்த நீல மேலங்கி எனக்கு ஓரளவு பெரிது.
கையிலிருக்கும் கணினிக்குக் கீச்சே மொழி தெரியாது.
எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலை.

கூரை? தகரம்.
தண்ணீர்? குழாயில், வியாழக்கிழமை மட்டும்.
வீட்டிலிருந்து யாராவது வடக்கே போனார்களா?
"இருவர். ஒருவன் பணம் அனுப்புகிறான்."
மற்றவனைப் பற்றிக் கேட்கக் கட்டம் இல்லை.

பிறந்த தேதி?
"எட்டு கவோக்" என்று சட்டென்று சொல்லிவிட்டு
ஏதோ சிந்திவிட்டதுபோல வாயைத் துடைத்துக்கொண்டார்.
அடையாள அட்டையில் ஜனவரி ஒன்று.
அந்த வருடம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரையும்
ஜனவரி ஒன்றிலேயே பிறக்க வைத்தார் பதிவாளர்.
"அட்டையில் உள்ளதையே எழுது. அந்த நாள்கணக்கை விட்டுக்
கர்த்தரிடம் வந்து முப்பத்தாறு வருடம் ஆகிறது."

பிறகு பன்னிரண்டாம் கேள்வி.
நீங்கள் எந்த மக்களைச் சேர்ந்தவர்?

சிரித்தார்.
"பையனாக இருந்தபோது 'நாட்டான்' என்றார்கள்.
காப்பித் தோட்டத்தில் 'இந்தியோ'.
பாதிரியார் கூட்டுறவுச் சங்கம் வைத்து 'விவசாயி' என்றார்,
அந்தச் சொல்லோடு போன சிலர் திரும்பி வரவில்லை.
சபையில் 'சகோதரன்'.
இப்போது நீ மாயா என்கிறாய்.
மாயா என்றால் கோபுரம் கட்டினவர்கள் அல்லவா,
பேருந்தின் பக்கவாட்டில் வரைந்திருக்கிறதே, அவர்கள்?
நான் கட்டியது ஒரு பன்றிக்கொட்டில்."

அடுப்படியிலிருந்து தோமாசா, கையெல்லாம் சோளமாவு:
"என்னை மாயா என்று போடு.
அவரை என்ன வேண்டுமானாலும் போடு."

"நீயும் ஞாயிற்றுக்கிழமை சபைக்குத்தானே வருகிறாய்?"

"வருகிறேன், பாட்டு நன்றாயிருக்கிறது.
விதைப்புக்கு முந்தின இரவு
மேட்டில் மெழுகுவர்த்தி எரிகிறதே,
யார் ஏற்றியது என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?"

கொஞ்ச நேரம் கோழி விற்பவன் மட்டும் பேசினான்.

பிறகு அவர், குரலைத் தாழ்த்தி:
"முன்பும் ஒருமுறை பெயர் எழுத வந்தார்கள், பெண்ணே.
அவர்களும் நம் மொழியில்தான் கேட்டார்கள்.
அவர்களுக்கும் சட்டை ஓரளவு பெரிது.
என் அண்ணன் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான்.
நான் சபையின் பெஞ்சுக்கு அடியில் இருந்தேன்.
அங்கேதான் ஆண்டவர் என்னைக் கண்டார்.
சிப்பாய்கள் காணவில்லை."

மாயா என்ற சொல்லில் மாயம் எதுவும் இல்லை.
இரண்டே எழுத்து. விரல் பட்டால் கட்டம் பச்சையாகும்.
பதிலைச் சொல்லிக்கொடுக்காதே என்று
பயிற்சியில் மூன்று நாளும் சொன்னார்கள்.
நான்காம் நாள், வேறொரு அறையில்,
கூடப் படித்தவர்கள் சொல்லிக்கொடு என்றார்கள்.
எண்ணிக்கை இல்லாமல் பள்ளியும் இல்லை,
நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரும் இல்லை என்றார்கள்.
இரண்டு பேச்சுக்கும் தலையாட்டியவள் நான்.

"உனக்கு என்ன எழுதிக்கொண்டாய்?"

எங்கள் வீட்டைக் கணக்கெடுக்க வந்தபோது
நான் இன்னொரு மலையில் இருந்தேன்.
என் கணவரின் தம்பிதான் பதில் சொன்னான்,
பிரித்துப்போட்ட ரேடியோவிலிருந்து கண்ணை எடுக்காமல்
சொல்லியிருப்பான்.
என்ன சொன்னான் என்று
நான் இன்றுவரை கேட்கவில்லை.
இதை அவரிடம் சொன்னேன்.

தோமாசா ஒரு குவளை சோளக்கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.
பதில் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது.
அவர் எட்டித் திரையைப் பார்த்தார்,
தனக்கு வாசிக்கத் தெரியாத இடத்தைச் சரியாகத் தொட்டு,
"ஜனவரி ஒன்று போட்டார்களே," என்றார்,
"அதுபோல எதையாவது போட்டுக்கொள்.
கஞ்சி ஆறுகிறது."